ரோல்பேக் இல்லாத இடம்

மேகாலயாவின் ஜைந்தியா மலையில், ஒரு குகைக்குள், இடுப்பளவு குளிர்ந்த தண்ணீரில் நின்று எண்களைக் குறித்துக்கொண்டிருந்தேன். தூரம், திசை, சரிவு. இந்த மூன்றும் புள்ளிக்குப் புள்ளி சேர்ந்தால் குகை வரைபடமாகிவிடும். சம்பளம் யாருக்கும் கிடையாது. 1990களிலிருந்து தன்னார்வலர்கள் இப்படித்தான் இங்கே நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் அளந்திருக்கிறார்கள். இந்த மலைகளில் சுண்ணாம்புக்கல் சுரங்கங்களும் இருக்கின்றன. வரைபடத்தில் இல்லாத குகையை வெடி வைத்துத் தகர்த்தால், அங்க ஒண்ணு இருந்துச்சுன்னு யாரு சொல்றது?

கால் வழுக்கியது. கைக்குக் கிடைத்ததைப் பிடித்தேன். சொட்டுச் சொட்டாக வளர்ந்த வெள்ளைச் சுண்ணாம்புத் தூண். அதில் இப்போது என் ஐந்து சேற்று விரல்கள்.

மாவ்ம்லு குகையில் எடுத்த இப்படியொரு தூண்தான், சுமார் 4,200 ஆண்டுகளுக்கு முன் பருவமழை பலவீனமானதைச் சொன்னது. 2018இல் புவியியலாளர்கள் அங்கிருந்து தொடங்கும் காலத்துக்கு மேகாலயன் என்றே பெயர் வைத்தார்கள். மழையின் பதிவேட்டில்தான் நான் கை வைத்திருக்கிறேன்.

துடைக்கப் போனேன். தேய்த்தால் இன்னும் பரவும் என்று குழுத்தலைவர் தடுத்தார். ஆபீஸ்ல இருந்தா ரோல்பேக் பண்ணியிருப்பேன்.

நோட்டில் அந்தப் புள்ளிக்கு எதிரே எழுதினேன்: 'இடப்பக்கம் தூண். வழுக்கும். பிடிக்காதீர்கள். கைத்தடம் என்னுடையது.'