எண்ணெய்ப் படலம்

டயகம பஜாரில் வாப்பாவுக்கு ஒரு சில்லறைக் கடை இருந்தது. கடைக்குப் பின்னால் இறங்கினால் புல்லும் சேறுமாய் ஒரு சதுப்பு. தேயிலைச் சரிவில் கசியும் நீர் அதில் தேங்கி, ஆக்ரா ஓயாவை நோக்கி வழிந்துபோகும். பக்கத்து லயத்துப் பெண்கள் அங்கேதான் உடுப்பு அலசுவார்கள்.

1988ஆம் வருடம். எனக்குப் பத்து வயது. மழை விட்ட ஒரு காலையில் அந்த நீரின்மேல் மயில் கழுத்து நிறத்தில் ஒரு படலம் மினுங்கியது. அடியில் செங்காவி நிறத்தில் கொழகொழவென்று சேறு.

"யாரோ எண்ணெய ஊத்திட்டாங்க" என்று பெண்கள் சத்தம் போட்டார்கள். முந்தின நாள் மாலை, லொறிக் கிளீனர் அண்ணன் வாளியோடு அங்கே இறங்கியதை நான் கண்டிருந்தேன். அதைச் சொன்னேன்.

"ஊத்தினதக் கண்டியா?" என்று கேட்டார் வாப்பா.

"ஓம் வாப்பா" என்றேன். பெரியவர்கள் எல்லோரும் என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றது மட்டும் ஞாபகம்.

"சத்தியமா தண்ணி அள்ளத்தான் போனேன் முதலாளி" என்று அந்த அண்ணன் அழுதார். ஒருவரும் நம்பவில்லை. அந்த மாதத்தோடு அவருக்கு வேலை போயிற்று.

பிறகு நான் விஞ்ஞான ஆசிரியரானேன். ஒருநாள் ஒரு நூலில் அதே படலத்தின் படத்தைக் கண்டு திடுக்கிட்டேன். அது எண்ணெயே அல்ல.

ஒட்சிசன் இல்லாத சேற்றுக்குள் இரும்பு கரைந்து, நிறமில்லாமல் நீரோடு வருகிறது. அந்த நீர் காற்றைச் சந்திக்கும் விளிம்பில் கண்ணுக்குத் தெரியாத பற்றீரியாக்கள் இருக்கின்றன. அவை இரும்பை ஒட்சியேற்றி, அதில் கிடைக்கும் சொற்பச் சக்தியில் உயிர் வாழ்கின்றன. சக்தி சொற்பம் என்பதால் நிறைய இரும்பை மாற்றவேண்டும். மிஞ்சுகிற துருதான் அந்தக் காவிச் சேறு. கலியோனெல்லா என்ற இனம் முறுக்கிய நூல்போலத் துருவை விட்டுச் செல்லும். லெப்டோத்ரிக்ஸ் குழாய் போன்ற உறைகளை விட்டுச் செல்லும். மேலே மினுங்குவதும் மெல்லிய இரும்புப் படலமே. இரும்பிலிருந்து இவ்வுயிர்கள் சக்தி பெறுகின்றன என்று ருஷ்ய விஞ்ஞானி வினொகிராட்ஸ்கி எழுதியது 1888இல். நாங்கள் அந்த அண்ணனைச் சூழ்ந்து நின்றதற்குச் சரியாக நூறு வருடங்களுக்கு முன்பு.

இரண்டையும் பிரித்தறிவது சுலபம். குச்சியால் கலைத்தால் எண்ணெய் சுழன்று மறுபடி கூடிவிடும். இரும்புப் படலமோ கண்ணாடிபோலத் துண்டு துண்டாய் உடைந்து விலகி நிற்கும். அன்று எங்களுக்கு ஒரு குச்சி போதுமாயிருந்தது.

சில வருடங்களுக்கு முன் டயகமவுக்குப் போனேன். கடை இல்லை. வாப்பாவும் மௌத்தாகிவிட்டார். சதுப்பும் படலமும் அப்படியே இருந்தன. குச்சியால் தொட்டேன், உடைந்தது. அந்த அண்ணனை விசாரித்தேன். கொழும்புக்குப் போனவர் திரும்பவேயில்லை என்றார்கள்.

இந்தப் பாடம் வரும்போது பிள்ளைகளைச் சதுப்புக்குக் கூட்டிப்போய் ஆளுக்கொரு குச்சி கொடுக்கிறேன். பத்து வயதில் நான் சொன்ன பொய்யையும் சொல்கிறேன்.