தேதி ஒட்டாத போத்தல்



எங்கள் பள்ளி விளையாட்டுப் போட்டிக்குச் சிரம்பானில் வாங்கிய தண்ணீரில் ஒரு பெட்டி மிஞ்சிச் சாமான் அறையிலேயே கிடந்துவிட்டது. எடுத்துப் பார்த்தபோது தேதி கடந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. "டீச்சர், தண்ணிகூடக் கெட்டுப்போகுமா?" என்று கேட்டார் பள்ளியைக் கூட்டும் அம்மா.

நியாயமான கேள்விதான். மூடி திறக்காத நல்ல தண்ணீர் சுலபத்தில் கெடாது. அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம்கூடப் போத்தல் நீருக்கு இத்தனை நாள்தான் ஆயுள் என்று வரம்பு கட்டவில்லை. மூப்பு வருவது பிளாஸ்டிக்குக்குத்தான். தகரக் கூரையின் சூட்டில் நெடுநாள் கிடந்தால் ஆண்டிமனி போன்ற பொருள்கள் மிகச் சிறு அளவில் நீரில் இறங்கும். அது மட்டுமன்று, மண்ணெண்ணெய், சாயம் போன்றவற்றின் வாடை பிளாஸ்டிக்கை ஊடுருவி உள்ளே போய்விடும். எங்கள் பெட்டி சாய டின்களுக்குப் பக்கத்தில் இருந்தது. திறந்து மோந்து பார்த்துவிட்டுப் பூச்செடிக்கு ஊற்றினோம்.

கடையில் வாங்கும்போது 'தாரிக் லுப்புட்' என்றிருந்தால், அந்த நாளுக்குப் பின் அப்பொருளைத் தொடாதீர்கள். 'பாயிக் செபெலும்' என்றால், அதுவரை சுவையும் தரமும் குறையாது என்று பொருள். தேதி கடந்த பால்மாவை மலிவாகக் கிடைக்கிறதென்று குழந்தைக்குக் கலக்காதீர்கள். உப்பிய சார்டின் டின்னைத் தேதி பார்க்காமலே வீசிவிடுங்கள். பூசணம் பிடித்த நிலக்கடலையைக் கழுவி வறுத்துத் தின்னும் வழக்கம் நம்மிடம் உண்டு. அந்தப் பூசணத்தில் ஊறும் அஃப்லாடாக்சின் என்னும் நஞ்சு வறுத்தாலும் கொதிக்க வைத்தாலும் முழுக்கப் போகாது. 1988இல் பேராக்கில் அரிசி மீ சாப்பிட்ட 13 குழந்தைகள் ஈரல் கெட்டு இறந்தது இந்த நஞ்சால்தான்.

இத்தனைக்கும் மேலாக என்னைக் கலங்க வைத்தது வேறொரு போத்தல். இரண்டாம் ஆண்டு மாணவன் ஒருவன் ஓய்வு நேரத்தில் மினரல் வாட்டர் போத்தலின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தான். நீர் லேசாக மஞ்சளித்திருந்தது. பிடுங்கி மோந்தேன். களைமருந்து! "அப்பா மோட்டார் கூடையில இருந்துச்சு டீச்சர். தண்ணின்னு எடுத்துக்கிட்டு வந்தேன்" என்றான். அம்மா விடியுமுன்னே வேலைக்குப் போய்விட்டாராம். பையன் இன்னும் வாய் வைக்கவில்லை. எனக்குத்தான் கை நடுக்கம் நிற்க வெகுநேரம் ஆயிற்று.

மாலையில் லயத்துக்குப் போனேன். "கொஞ்சந்தான் டீச்சர், வீட்டோரப் புல்லுக்கு" என்று ஆரம்பித்த தகப்பனார், போத்தலைப் பார்த்ததும் பேச்சை நிறுத்திவிட்டார்.

நம் தோட்டங்களில் பாராகுவாட் என்ற களைக்கொல்லியை அறியாதவர் இல்லை. ஒரு வாய் விழுங்கினால் உயிரையே வாங்கும். மாற்று மருந்து கிடையாது. 2002இல் தடை செய்தார்கள், 2006இல் தடையை எடுத்தார்கள், 2020 ஜனவரி முதல் தேதியிலிருந்து மீண்டும் முற்றாகத் தடை செய்தார்கள். ஆனால் மற்றக் களைமருந்துகள் இன்றும் புழங்குகின்றன. அவற்றைக் குடிநீர்ப் போத்தலில் ஊற்றி வைத்தால், எழுத்துக்கூட்டிப் படிக்கும் பிள்ளைக்கு மேலே ஒட்டியிருக்கும் 'ஆயர் மினரல்' மட்டுமே தெரியும். தப்பித்தவறி யாரேனும் குடித்துவிட்டால், வாந்தி எடுக்க வைக்க முயலாமல், அந்தப் போத்தலையும் கையோடு எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்கு ஓடுங்கள். என்ன மருந்து என்று தெரிந்தால்தான் டாக்டர் உடனே வேலையைத் தொடங்க முடியும்.

மறுநாள் அந்தப் பையன் புது எவர்சில்வர் போத்தலோடு வந்தான். மூடியில் அவன் பெயரைத் தகப்பனார் ஆணியால் கீறியிருந்தார்.