கொஞ்சமா போச்சு

காலை ஆறு மணிக்கே ஏழாம் கட்டில் அம்மாவுக்கு மூத்திர டியூபை எடுத்துவிட்டார்கள். நேற்றுத்தான் கர்ப்பப்பை இறக்கத்துக்கு ஆபரேஷன் நடந்தது. உள்ளே பிடித்துக்கொண்டிருந்த குட்டி பலூனில் இருந்து 10 மில்லி தண்ணீரை சிரிஞ்சில் உறிஞ்சிவிட்டு மெல்ல உருவினார் நர்ஸ். "இன்னும் ஒரு நாள் இருக்கட்டுமே சிஸ்டர், எந்திரிக்கிற கஷ்டமில்ல" என்றாள் மகள்.

"இருக்க இருக்கக் கிருமி ஏறும்மா."

சில இடங்களில் எடுப்பதற்கு முன்பே டியூப் வழியாக 300 மில்லி சலைனை உள்ளே விட்டு, பிறகு உருவி, 200 மில்லியாவது தானாக வெளியே வருகிறதா என்று பார்த்துவிடுவார்கள். சீக்கிரம் தெரிந்துவிடும். இந்த வார்டில் காத்திருந்துதான் பார்க்கிறார்கள்.

அம்மா சுவரைப் பிடித்துப் பிடித்து மூன்று முறை கக்கூஸ் போய் வந்தாயிற்று. வார்டுக்கே இரண்டு கக்கூஸ். ஒன்றுக்குத் தாழ்ப்பாள் கிடையாது. வெளியே பக்கெட்டோடு நிற்கிறவர்கள் கதவைத் தட்டுகிறார்கள். காலையில் வாங்கி வைத்த தண்ணீர் பாட்டிலில் கால்வாசிகூடக் குறையவில்லை. குடித்தால் மறுபடி போகணுமே!

பத்தரை மணிக்கு நர்ஸ் வந்தார்.

"ஒன்னுக்குப் போச்சாம்மா?"

"போச்சு போச்சு."

"எவ்வளவு?"

அம்மா மகளைப் பார்த்தார். அதை யார் அளந்தார்கள்? "கொஞ்சமா போச்சு. கொஞ்ச கொஞ்சமா."

நர்ஸுக்கு அந்தப் பதில் பிடிக்கவில்லை. தொப்புளுக்குக் கீழே கையை வைத்து லேசாக அழுத்தினார். கல்லாக இருந்திருக்க வேண்டும். அம்மா முகம் சுளித்தார். மூத்திரப்பை காலியாகிறது என்றுதான் அம்மா நினைத்திருந்தார். அது நிரம்பி வழிந்துகொண்டிருந்திருக்கிறது.

தையல் போட்ட இடத்து வீக்கம், வலிக்குப் போட்ட ஊசி, இரண்டு நாளாக வெளிக்குப் போகாதது, எல்லாம் சேர்ந்து வழியை மறிக்கும். நானூறு ஐந்நூறு மில்லி பிடிக்கிற பையில் அதற்கு மேல் மணிக்கணக்காகத் தேங்கினால், இழுத்துத் தளர்ந்த ரப்பர் பேண்டு மாதிரி அது சுருங்க மறந்துவிடும். பிறகு நாள்கணக்கில், சிலருக்கு வாரக்கணக்கில், டியூபோடு வீட்டுக்குப் போகவேண்டியதுதான். வலிக்கவில்லை என்பதை நம்பிச் சும்மா இருக்கவும் முடியாது. மரத்துப்போன பைக்கு நிறைந்தது தெரியாது.

திரையை இழுத்துவிட்டு மெல்லிய டியூபால் ஒரே ஒரு முறை எடுத்தார். 600 மில்லி. அம்மா வாயைப் பிளந்தார்.

அதற்கப்புறம் நர்ஸ் செய்ததில் மருந்து என்று பார்த்தால் மலம் இளகக் கொடுத்த சிரப் ஒன்றுதான். தண்ணீரை மொத்தமாகக் கவிழ்க்காமல் மணிக்கு ஒரு டம்ளர் குடிக்கச் சொன்னார். வராந்தாவில் நடக்கவிட்டார். கோடு போட்ட பிளாஸ்டிக் மக் ஒன்றை மகள் கையில் கொடுத்தார். கட்டிலோரம் கமோடு நாற்காலி வந்தது, சுற்றிலும் திரை. "பாதம் தரையில படணும், முன்னால சாஞ்சு உக்காருங்க. முக்கக் கூடாது, தையல் இருக்கு. யாரும் வரமாட்டாங்க, அவசரமில்ல." கைகழுவும் குழாயையும் திறந்துவிட்டார். என்னைக் கேட்டால், அந்த "யாரும் வரமாட்டாங்க"தான் பாதி வேலையைச் செய்தது.

இரண்டு மணிக்கு மக்கில் 250. மிச்சம் எவ்வளவு என்று ஸ்கேனில் பார்த்தார்கள்: 70.

சீட்டில் எழுதுவதை அம்மா எட்டிப் பார்த்தார். "இதையுமா எழுதுவீங்க?"

"இதைத்தாம்மா முதல்ல எழுதுவோம். இன்னும் ரெண்டு தடவை இப்படி வரட்டும், அப்புறம் வீட்டுக்குப் போறதப் பத்திப் பேசலாம். எங்க அந்தத் தண்ணி பாட்டில்?"