தியேட்டர் பச்சை

ஆபீஸுக்குள் ஓர் அமைதி அறை வேண்டும் என்று கேட்டு வருகிறவர்கள் முதலில் சொல்வது நிறத்தைத்தான். பச்சை அடித்துவிடுங்கள், மனசுக்கு அமைதியாக இருக்கும். உள் அலங்காரத் தொழிலுக்கு வந்த நாளிலிருந்து இதைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். கல்லூரியில் சொல்லிக்கொடுத்தார்கள். கலர் அட்டை கொண்டு வரும் பெயிண்ட் ஏஜெண்டும் அதையே சொல்கிறார். ஆஸ்பத்திரியே பச்சையாகத்தானே இருக்கிறது என்று ஆதாரமும் காட்டுவார்கள். அந்த இடத்தில்தான் எனக்கு நெருடும். காரணம் அம்மா.

அம்மா அரசு ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் தியேட்டர் நர்ஸாக இருந்தார். பச்சைக்கு அவர் சொன்ன காரணத்தில் நோயாளியும் இல்லை, அமைதியும் இல்லை. "வெள்ளைத் துணியா இருந்தா டாக்டர் நிமிர்ந்து பார்க்கறப்ப அது மேல என்னமோ மிதக்கும்" என்று ஏதோ பேச்சுக்கு நடுவே சொன்னது மங்கலாக நினைவிருக்கிறது. என்ன மிதக்கும், ஏன் மிதக்கும் என்று கேட்க இப்போது அவர் இல்லை.

தேடியதில் முதலில் அகப்பட்டவர் ஹாரி ஷெர்மன். சான் பிரான்சிஸ்கோவின் செயின்ட் லூக்ஸ் மருத்துவமனையில் அறுவை மருத்துவர். அக்காலத்து அறுவை அறைகளில் சுவர், தரை, துணி எல்லாமே வெள்ளை. சுத்தத்தின் நிறம் என்பதால் யாரும் அதைத் தொடவில்லை. ஷெர்மனுக்கோ அந்த வெள்ளையில் கண் கூசியது. காயத்தின் ஆழத்தில் நுட்பங்கள் பிடிபடவில்லை. இரத்தத்தின் சிவப்பை வைத்து யோசிக்கத் தொடங்கி, அதற்கு நேர் எதிரான பசலைக்கீரைப் பச்சையைத் தரைக்கும் சுவரின் கீழ்ப்பகுதிக்கும் பூசினார். இதை அவர் எழுதி வெளியிட்ட ஆண்டு 1914.

மிதப்பது எது என்பதை வரைதாளில் பார்த்துவிடலாம். போஸ்டர் கலரில் ரூபாய் நாணய அளவுக்கு அடர்சிவப்பு வட்டம் ஒன்று போடுங்கள். அரை நிமிடம் இமைக்காமல் அதையே பாருங்கள். பிறகு பக்கத்திலுள்ள வெற்றுத்தாளுக்குக் கண்ணைத் திருப்பினால் நீலம் கலந்த பச்சை வட்டம் ஒன்று தாளின் மேல் நிற்கும். கண்ணை நகர்த்தினால் அதுவும் நகரும். விழித்திரையில் சிவப்புக்கு அதிகம் துலங்கும் செல்கள் களைத்துப்போக, மற்றவை அனுப்பும் செய்தி ஓங்கிவிடுவதுதான் காரணம். மணிக்கணக்கில் இரத்தத்தையே பார்த்த கண் வெள்ளைத் துணிக்குத் திரும்பும்போதும் இதுவே நடக்கிறது. துணியே பச்சையாக இருந்தால் அந்தப் பிம்பம் அதில் கரைந்துவிடும். தாளின் மேல் அந்த வட்டம் நகர்வதைப் பார்த்தபோது அம்மா பாதியில் விட்ட பேச்சு முடிந்த மாதிரி இருந்தது.

ஆக, அது மருத்துவரின் கண்ணுக்காக வந்த பச்சை. அது அறுவை அறையைத் தாண்டித் தொழிற்சாலைக்கும் ஆபீஸுக்கும் போனதில் ஃபேபர் பிர்ரனுக்குப் பெரிய பங்கு உண்டு. 1930களில் சிகாகோவில் நிற ஆலோசனையையே தொழிலாக்கிக்கொண்டவர் அவர். வெளிர் பச்சைச் சுவர் கூச்சத்தைக் குறைக்கும், கண் களைக்காது என்பது முதலாளிகளிடம் அவர் வைத்த வாதங்களில் ஒன்று. அதிலும் பேச்சு கண்ணைப் பற்றித்தான். கண்ணின் களைப்பு என்று தொடங்கியதை மனத்தின் அமைதி என்று நீட்டிக்கொண்டது பின்னால் வந்த விற்பனைப் பேச்சு என்பது என் முடிவு. இளஞ்சிவப்புக்கும் இப்படி ஒரு கதை உண்டு. 1979இல் சியாட்டிலில் கடற்படைச் சிறையறை ஒன்றில் அதைப் பூசி, கைதிகள் சாந்தமானார்கள் என்றார்கள். சுவிட்சர்லாந்துச் சிறை ஒன்றில் சோதித்து 2015இல் வெளியான ஆய்வில் அப்படி எந்த மாற்றமும் தெரியவில்லை.

சரி, நம் ஊர் வார்டுகளுக்குப் பச்சை எப்படி வந்தது? இதைக் கேட்கத்தான் சிங்காநல்லூர்ப் பக்கம் இருக்கும் ஒரு பெயிண்டர் மேஸ்திரியைத் தேடிப் போனேன். எழுபதைத் தாண்டியவர். இளவயதில் கோவையைச் சுற்றிப் பல வார்டுகளுக்கு பெயிண்ட் அடித்தவர். ஷெர்மன் கதையை முழுக்கச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க அம்மணி, அழுக்குத்தானுங்க" என்றார்.

"அழுக்கா?"

"ஜனங்க சுவத்துல சாஞ்சுதான் நிப்பாங்க. எண்ணெய்த் தலையை வெப்பாங்க. வெள்ளை எத்தனை நாளைக்குத் தாங்கும்? அதனால கீழ ஆயில் பெயிண்டு, மேல சுண்ணாம்பு. ஆயில் பெயிண்டுன்னா ஈரத்துணியில தொடச்சுக்கலாம்."

பச்சையை யார் சொன்னார்கள் என்று கேட்டேன். டப்பாவில் வந்தது என்றார். ஏன் நீலம் வரவில்லை? சில இடத்தில் நீலமும் வந்தது என்றார். அடுத்த முறை கலர் அட்டைகளோடு போனேன், அதற்கடுத்த முறை பழைய வார்டுப் படங்களோடு. அழுக்கிலிருந்து அவர் இம்மியும் நகரவில்லை. கடைசியில், பார்த்தால் மனசுக்கு அமைதியாக இருக்கும் என்கிறார்களே ஐயா என்று விட்டுப் பார்த்தேன்.

"அதைப் படுத்துக் கெடந்தவனைக் கேளுங்க" என்றார். சாரத்திலிருந்து விழுந்து தொடையெலும்பு முறிந்து, தானே பெயிண்ட் அடித்த வார்டில் படுத்துக் கிடந்திருக்கிறார். "நான் அடிச்ச பச்சை தலைக்குப் பின்னாடி இருக்குதுங்க. நான் பாத்ததெல்லாம் மோட்டுவளையும் டியூப்லைட்டும்தான். கண்ணு கூசும். கையால மறைச்சுக்கிட்டே கெடப்பேன். பச்சையை மேல அடிச்சிருக்கோணுமுங்க."

அந்த ஒரு பேச்சில் என் தேடல் சுவரை விட்டுவிட்டது.

பச்சையை மேலே பூசிய ஒரு கட்டடம் இருக்கிறது. பின்லாந்தில், துர்கு நகருக்குக் கிழக்கே பைமியோவில், அல்வார் ஆல்டோ கட்டிய காசநோய் இல்லம். கட்டி முடிந்தது 1933இல். காசநோய்க்கு மருந்து வராத காலம். ஓய்வும் வெயிலும் நல்ல காற்றும்தான் சிகிச்சை. மாதக்கணக்கில் மல்லாந்து கிடக்கப்போகிறவருக்கான அறை என்பதிலிருந்தே ஆல்டோ தொடங்கினார். சுவர்கள் வெளிர் நிறம், கூரை மட்டும் அடங்கிய பச்சை. விளக்கு படுத்திருப்பவர் கண்ணில் நேராக விழாது. கூரையிலிருந்து வரும் வெப்பம் தலைக்கல்லாமல் காலுக்குப் போகும். கைகழுவும் தொட்டியின் சரிவைத் தண்ணீர் சத்தமில்லாமல் வழியும்படி அமைத்தார். ஓர் அறையில் இரண்டு பேர், ஒருவர் கை கழுவினால் மற்றவர் தூக்கம் கெடக்கூடாது. வண்ணத்திட்டத்தில் அவரோடு வேலை செய்தவர் ஏய்னோ கௌரியா என்ற அலங்கார பெயிண்டர் என்று படித்தபோது எனக்கு ஏற்பட்ட சந்தோஷம் கொஞ்சநஞ்சமல்ல. மறுநாளே மேஸ்திரியிடம் போய்ச் சொன்னேன். "தெரிஞ்சவனுங்க" என்றார்.

ரோஜர் உல்ரிச் 1984இல் வெளியிட்ட ஆய்வையும் இப்போதுதான் சரியாகப் படித்தேன். பென்சில்வேனியாவில் ஒரு மருத்துவமனை, பித்தப்பை அறுவை செய்துகொண்டவர்கள். சன்னலில் மரம் தெரிந்தவர்கள் 23 பேர், செங்கல் சுவர் தெரிந்தவர்கள் 23 பேர். மரத்தைப் பார்த்தவர்கள் சராசரியாக 7.96 நாளில் வீடு திரும்பினார்கள், மற்றவர்கள் 8.70 நாளில். கடுமையான வலி மருந்தும் மரத்தைப் பார்த்தவர்களுக்குக் குறைவாகவே தேவைப்பட்டது. 46 பேர் என்பது சின்ன எண்ணிக்கைதான். ஆனாலும் கட்டிலில் கிடப்பவரின் கண்ணுக்கு என்ன தெரிகிறது என்று அளந்து பார்த்த வேலை என்பதால் எனக்கு அதன்மேல் மரியாதை.

என் ஸ்கெட்ச் பழக்கம் இதனால் மாறியது. அறையை எப்போதும் நின்றபடிதான் வரைவேன், ஐந்தடி உயரக் கண்மட்டத்தில். அண்மையில் ஒரு மென்பொருள் கம்பெனிக்கு ஓய்வறை வரைய வேண்டியிருந்தது. காலியாகக் கிடந்த அந்த அறையின் தரையில் பாயை விரித்துப் படுத்து, நோட்டை மார்பில் வைத்துக்கொண்டு வரைந்தேன். தாளில் பாதிக்கு மேல் கூரையே வந்துவிட்டது: நட்டநடுவில் எல்இடி பேனல், அதை ஒட்டி ஏசியின் வாய், முகத்துக்கு நேராக வீசும் காற்று. அவர்கள் கேட்ட பச்சைச் சுவர் ஓர் ஓரத்தில் விரற்கடை அளவே தெரிந்தது. அந்த ஓவியத்தைக் காட்டியதும் பேனல் கழன்றது, விளக்கு சுவரோரத்துக்கு இறங்கியது, ஏசியின் திசை மாறியது. சாய்விருக்கையும் வேப்பமரம் தெரியும் சன்னலைப் பார்த்துத் திரும்பியது. சுவருக்கு அவர்கள் விரும்பிய பச்சையையே பூசினோம்.

அமைதி அறை வரையும் மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். முதல் ஸ்கெட்சை அங்கே இருக்கப்போகிறவரின் கண் இருக்கும் உயரத்தில் வரையுங்கள். அவர் உட்காருவார் என்றால் உட்கார்ந்து, படுப்பார் என்றால் படுத்து. கலர் அட்டையை அதற்குப் பிறகு பிரியுங்கள்.