தெல்தெனியவில் ஒரு நத்தார்

கண்டி நகரிலிருந்து மகியங்கனை செல்லும் வீதியில், தென்னக்கும்புரப் பாலத்தின் மேலாக மகாவலி கங்கையைக் கடந்து, ஏறக்குறைய 25 கிலோமீற்றர் சென்றால் தெல்தெனிய என்னும் சிறு பட்டினத்தை அடையலாம். வடக்கே நக்கிள்ஸ் மலைத்தொடர் முகிலைப் போர்த்துக்கொண்டு நிற்கும். மறுபுறம் விக்டோரியா நீர்த்தேக்கம் மலைகளின் நிழலை ஏந்திக் கிடக்கும். உல்லாசப் பிரயாணிகள் இங்கு இறங்குவது அரிது. கண்டிக்கு வருவோர் தலதா மாளிகையையும் பேராதனைப் பூந்தோட்டத்தையும் கண்டு திரும்புவர். மகியங்கனைக்குச் செல்வோர் பஸ்ஸின் சாளரத்தினூடே இவ்வூரைச் சிறிது நோக்கிவிட்டு அப்பாற் போவர். நானும் பல்லாண்டுகள் அவ்வாறு சென்றவனே. 2023ஆம் ஆண்டு நத்தாருக்கு முன்தினந்தான் முதன்முறையாக இங்கே இறங்கினேன்.

என்னை அழைத்தவர் என் பழைய மாணாக்கர். கண்டியில் நான் கற்பித்த நாட்களில் பின்வரிசையில் அமர்ந்து, கேட்டாலன்றி வாய் திறவாத தோட்டத்துப் பிள்ளையாக இருந்தவர். இன்று இலண்டனில் கணக்காளர். மனைவியையும், ஏழு வயது மகளையும், நான்கு வயது மகனையும் அழைத்துக்கொண்டு தம் தாயாருடன் பண்டிகை கொண்டாட வந்திருந்தார். பிள்ளைகள் இருவரும் இங்கிலாந்திற் பிறந்தவர்கள். தந்தை பிறந்த மலையை அதுவரை கண்டறியாதவர்கள். “சேர், இந்த முறை நத்தாருக்கு நீங்கள் எங்களுடன் இருக்க வேணும்” என்று தொலைபேசியில் அவர் வற்புறுத்தியபோது மறுக்க இயலவில்லை. சைவக் குடும்பத்திற் பிறந்த எனக்கு நத்தார் என்றால் அயல்வீட்டார் கொண்டுவந்து தரும் கேக் துண்டு என்பதற்கு மேல் அதிகம் தெரியாது.

பஸ் திகனவைக் கடக்கும்போது, விக்டோரியா அணையைக் கட்ட வந்த பிரித்தானியப் பொறியியலாளரின் குடும்பங்கள் இப்பகுதியில் வாழ்ந்த காலம் நினைவிற்கு வந்தது. அவர்களுக்கென்றே இங்கு ஒரு குடியிருப்பு அமைக்கப்பட்டிருந்தது. பனியும் குளிருமாகப் பண்டிகையை எதிர்நோக்கும் நாட்டுக் குழந்தைகள், மாவும் பலாவும் நிற்கும் முற்றங்களில் சில ஆண்டுகள் அதனைக் கொண்டாடியிருப்பர். அவர்களின் தந்தையர் எழுப்பிய அணை 122 மீற்றர் உயரமானது. இலங்கையின் அணைகளுள் மிக உயர்ந்தது. 1985ஆம் ஆண்டு அது திறந்துவைக்கப்பட்டது. பொறியியலாளர் பிள்ளைகளோடு தம் நாடு திரும்பினர். தேங்கிய நீரோ பழைய தெல்தெனியப் பட்டினத்தைத் தன்னுள் வாங்கிக்கொண்டது. இப்பொழுது நாம் காணும் பட்டினம் அதன் பின் மேட்டுநிலத்தில் எழுந்த புதிய ஊர்.

பஸ் நிலையத்தில் மகனோடும் பேரப்பிள்ளைகளோடும் மூதாட்டியார் எனக்காகக் காத்திருந்தார். வயது 73. தோட்டத்திற் கொழுந்து பறித்து ஓய்வுபெற்றவர். லயத்தை விட்டுப் பட்டினத்திற்கு அண்மையில் மகன் கட்டிக்கொடுத்த சிறிய வீட்டில் வாழ்கிறார். வீட்டிற்குச் செல்லும் வழியில் ஓரிடத்தில் நின்று, நீர்த்தேக்கத்தைச் சுட்டிக்காட்டினார்.

“அந்தா, அந்தத் தண்ணிக்கு உள்ளதான் மாஸ்டர் எங்க பழைய கடைத்தெரு. கலியாணமான வருசம் நத்தாருக்கு எனக்குச் சேல எடுத்தது அங்கதான்.”

கடும் வறட்சி வரும் ஆண்டுகளில் நீர் வற்ற, பழைய கட்டடங்களின் எச்சங்கள் வெளியே தலைகாட்டும். அப்போது முன்னாளில் அங்கு வாழ்ந்தோர் இறங்கிச் சென்று, ‘இது நம் கடை, இது நாம் நடந்த தெரு’ என்று பிள்ளைகளுக்குக் காட்டுவர். டிசம்பரோ வடகீழ்ப் பருவமழைக் காலம். அன்று நீர் நிறைந்திருந்தது, ஒன்றும் தெரியவில்லை. சிறுமி மட்டும் நெடுநேரம் அந்நீரையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வழியில் முஸ்லிம் அன்பர் ஒருவரின் கடையில் ரவையும், முந்திரிப்பருப்பும், வற்றலும், பூசணித் தோசியும் வாங்கினோம். ஆச்சியின் கேக் அயலவருக்கும் போதவேண்டும் என்பதால் இரண்டாவது தட்டுக்குரிய பொருள்கள் அவை. 2018ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் தெல்தெனியவிலும் திகனவிலும் முஸ்லிம்களின் கடைகளும் வீடுகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டதை நாடறியும். அந்நாட்களைப் பற்றிக் கடைக்காரரும் பேசவில்லை, ஆச்சியும் பேசவில்லை. கணக்குத் தீர்ந்ததும் அவர் சிறுவனின் கையில் இரண்டு இனிப்புகளைத் திணித்தார். ஆச்சி, “நாளைக்குக் கேக் வரும்” என்றார்.

வீட்டின் முன்னறையில் சைப்பிரஸ் கிளையொன்று மண் நிரப்பிய வாளியில் நடப்பட்டிருந்தது. மூங்கிற் சிம்பும் வர்ணக் கடதாசியும் கொண்டு கட்டிய நட்சத்திரம் வாசலில் தொங்கிற்று. பழைய தேயிலைப் பெட்டியின் பலகையால் தந்தையும் மகளும் பாலன் குடில் அமைத்துக்கொண்டிருந்தனர். பாசியும் வைக்கோலும் பரப்பும் பொறுப்பு நான்கு வயதுச் சிறுவனுடையது. பரப்பியதிலும் அவன் தலைமயிரில் ஒட்டியதே அதிகம். இங்கிலாந்தில் இப்பொருள்களெல்லாம் கடையில் ஆயத்தமாகக் கிடைக்கும் என்றார் தாயார். ஆனால் தம் பிள்ளைகள் ஒரு குடிலைக் கட்டிப் பார்ப்பது இதுவே முதன்முறை என்றும் சொன்னார்.

மின்விளக்கு இரண்டு தடவை கண்சிமிட்டி அணைந்தது. ஆச்சி ஒரு மெழுகுதிரியை ஏற்றிக் குடிலருகே வைத்துவிட்டு, பிள்ளைகளுக்குப் பாலன் பிறந்த கதையைச் சொல்லலானார். நற்செய்திகளில் உள்ள அக்கதையை நானும் படித்திருக்கிறேன். ஆயினும் ஆச்சி தொடங்கிய இடம் வேறாக இருந்தது. தேவதூதரை அவர் பின்னுக்குத் தள்ளிவிட்டார்.

“ராசா ஒரு சட்டம் போட்டான் கண்ணு. எல்லாரும் அவங்கவங்க சொந்த ஊருக்குப் போயிப் பேரு பதியணும்னு. மரியம்மாளுக்குப் புள்ள பொறக்குற நேரம். இருந்தாலும் போகத்தானே வேணும். பதியலன்னா ஆளே இல்லன்னு ஆயிடுமே.”

சிறுமியின் தமிழ் தட்டுத்தடுமாறியது எனினும் பொருள் தெளிவாயிருந்தது. “ஆச்சி, அவங்ககிட்ட பாஸ்போர்ட் இல்லையா?”

“அப்பயெல்லாம் ஏது பாஸ்போர்ட்? ஆனா யோசேப்புக்குப் போறதுக்கு ஒரு ஊராவது இருந்துச்சு. எங்க அப்பாவுக்கு அதுவும் இல்ல.”

சிறிது நேரம் எவரும் பேசவில்லை. மாணாக்கர் தலைகுனிந்து பலகையைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

இவ்வீட்டின் முன்னோர் திருநெல்வேலிப் பக்கத்தவர். கோப்பித் தோட்டங்களுக்காகவும், பின்னர் தேயிலைத் தோட்டங்களுக்காகவும் தென்னிந்தியாவிலிருந்து வந்த மக்கள் முற்காலத்தில் மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டுவழியே கால்நடையாகவே மலைநாட்டை அடைந்தனர். வழியில் மாண்டோர் பலர். 1850களில் சர்ச் மிஷனரி சங்கத்தார் கண்டிப் பகுதித் தோட்டங்களில் ‘தமிழ்க் கூலி மிஷன்’ என்ற பணியைத் தொடங்கியபோது, உபதேசிமாரும் திருநெல்வேலியிலிருந்தே வரவழைக்கப்பட்டனர். அந்நிய மண்ணில், லயத்து அறைகளில், பிள்ளைகுட்டிகளோடு அவர்கள் கொண்டாடிய நத்தாரின் வழிவந்ததே இம்மெழுகுதிரி.

தலைமுறைகள் செல்ல, அந்நிய மண் சொந்த மண்ணாயிற்று. ஆனால் சட்டம் அவ்வாறு கருதவில்லை. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம், தந்தை வழியில் இந்நாட்டுப் பிறப்பை நிறுவும்படி கேட்டது. லயத்திற் பிறந்தோருள் பலருக்குப் பிறப்புப் பதிவே இருக்கவில்லை. அடுத்த ஆண்டு வந்த மற்றொரு சட்டத்தின்கீழ் விண்ணப்பித்தோரிலும் பெரும்பாலோர் நிராகரிக்கப்பட்டனர். ஆச்சியின் தந்தையும் அவர்களுள் ஒருவர். உம் சொந்த ஊர் எது என்று கேட்டவர்களுக்கு அவர் தோட்டத்தின் பெயரைத்தான் சொன்னாராம். அஃது அவர்கள் வேண்டிய விடையன்று. இந்தியாவிலுள்ள பூர்வீகக் கிராமமோ அவருக்கு வெறும் பெயராக மாத்திரம் எஞ்சியிருந்தது.

1964 அக்டோபரில் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டனர். 5,25,000 பேரை இந்தியா ஏற்கும். 3,00,000 பேருக்கு இலங்கை பிரசாவுரிமை வழங்கும். எஞ்சிய 1,50,000 பேரை 1974இல் இரு நாடுகளும் சரிபாதியாகப் பங்கிட்டுக்கொண்டன. கணக்குப் புத்தகத்தில் இவை எண்கள். ஆச்சியின் வீட்டிலோ இது, அண்ணன் ஒருபுறமும் தங்கை மறுபுறமுமாகப் பிரிந்த கதை. அண்ணன் மனைவி மக்களோடு தலைமன்னாரில் கப்பலேறி இராமேசுவரம் சென்று, நீலகிரியில் மீண்டும் தேயிலைத் தோட்டமொன்றிற் சேர்ந்தார். ஆண்டுதோறும் நத்தாருக்கு அவரிடமிருந்து ஒரு நீலக் கடிதம் வரும். 1984இல் கப்பற் சேவையும் நின்றுபோயிற்று. அண்ணன் மறைந்து பல்லாண்டுகள் ஆயின. கடிதங்கள் ஆச்சியின் வேதப்புத்தகத்தினுள் இருக்கின்றன.

அவ்வேதப்புத்தகத்தினுள் இன்னொரு தாளும் இருந்தது. 2003ஆம் ஆண்டின் சட்டம், ஒப்பந்த நாள் முதல் இந்நாட்டில் வாழ்ந்துவந்த இந்திய வம்சாவளியினரான நாடற்றோருக்கும் அவர்தம் வழித்தோன்றல்களுக்கும் பிரசாவுரிமை அளித்தது. அதன்படி தமக்குக் கிடைத்த பத்திரத்தை ஆச்சி எடுத்துப் பேத்தியிடம் காட்டினார். இந்த மலையிற் பிறந்து, இந்த மலையில் உழைத்த ஒரு பெண், தன் 53ஆம் வயதிற்குப் பின்னரே இந்நாட்டவளானாள். அவ்வுரிமையின் பயனாகத்தான் மகன் கடவுச்சீட்டுப் பெற்றுக் கடல் கடந்தார். இன்று அவருடைய பிள்ளைகள் பிரித்தானியக் கடவுச்சீட்டோடு, விசாப் பெற்று, ஆச்சியின் வீட்டிற்கு வந்திருக்கிறார்கள். இவர்களுள் எவர் வெளிநாட்டில் இருக்கிறார் என்று என்னை நானே கேட்டுக்கொண்டேன். விடை தோன்றவில்லை.

ஆச்சி கதையை முடிக்கவில்லை. பாலன் பிறந்த பின்பு ஏரோது மன்னன் குழந்தைகளைக் கொல்ல ஆணையிட்டதையும், யோசேப்பு இரவோடிரவாகத் தாயையும் பிள்ளையையும் அழைத்துக்கொண்டு எகிப்து நாட்டிற்கு ஓடியதையும் கூறினார். கஞ்சனுக்கு அஞ்சி, சிறையிற் பிறந்த கண்ணனை வசுதேவர் அதே இரவில் யமுனையைக் கடந்து ஆயர்பாடிக்குக் கொண்டுசென்ற கதையை நான் பிள்ளைகளுக்குச் சொன்னேன். சிறுவனுக்கு அது மிகவும் பிடித்துப்போயிற்று. “அந்தப் பாப்பாவும் ஓடிச்சா?” என்று மும்முறை கேட்டான். “நல்ல பிள்ளைங்க எல்லாத்துக்கும் ஓட்டந்தான் மாஸ்டர்” என்று ஆச்சி சிரித்தார்.

மறுநாட்காலை தோட்டத்து வழியிலுள்ள சிறு ஆலயத்திற்கு அவர்களுடன் சென்றேன். பனிமூட்டத்தினூடே ஆலயமணி கேட்டது. பேரப்பிள்ளைகள் இருவரும் மற்றப் பிள்ளைகளோடு வரிசையில் நின்று தமிழ்க் கீதம் ஒன்று பாடினர். பேத்திக்குத் தமிழெழுத்துத் தெரியாது. ஆங்கில எழுத்தில் எழுதிய தாளை மறைத்து வைத்துக்கொண்டு பாடினாள். ஒரு சொல் பிழைத்தது. முன்வரிசையிலிருந்த ஆச்சி அச்சொல்லை வாயசைத்துத் திருத்தினார். அடுத்த முறை அது திருத்தமாக வந்தது. பகலில் கேக்கும் பலகாரமும் நிறைந்த தட்டுகள், லயத்திலுள்ள சைவ உறவினருக்கும், சிங்கள அயலவருக்கும், முன்தினம் கண்ட கடைக்காரருக்கும் சென்றன. தட்டு ஏந்திச் சென்றவர்கள் பிள்ளைகளே. திரும்பி வரும்போது தட்டுகள் வெறுமையாக வரவில்லை.

மாலையில் விடைபெறச் சென்றபோது குடிலின் முன்னே சிறிய கடதாசித் துண்டுகள் நான்கு வைக்கப்பட்டிருந்ததைக் கண்டேன். ஒவ்வொன்றிலும் ஒரு முகமும், கீழே ஆங்கிலத்தில் ஒரு பெயரும் வரையப்பட்டிருந்தன. இவை என்ன என்று சிறுமியை வினவினேன்.

“பாஸ்போர்ட். எகிப்துக்குப் போகும்போது யாரும் நிறுத்தக்கூடாது” என்றாள்.

யோசேப்பு, மரியாள், பாலன் என மூன்று கணக்காயின. நான்காவது யாருக்கென்று கேட்டேன். அது கழுதைக்கு, தம்பி அழுது அடம்பிடித்ததால் செய்தது என்று அவள் சற்றுச் சலிப்போடு கூறினாள்.

குடிலைப் பிரித்ததும் அத்துண்டுகளை என்ன செய்வீர்கள் என்று ஆச்சியிடம் கேட்டேன். அவர் வேதப்புத்தகத்தைத் திறந்து, அண்ணனின் நீலக் கடிதங்களுக்கும் தம் பிரசாவுரிமைப் பத்திரத்திற்கும் நடுவே ஓரிடத்தை விரலால் தொட்டுக் காட்டினார்.