பாசமாத்தான் வளர்க்கிறோம்!

நான் படிக்கிறது ஒஹாயோ மாநிலத்துல. இங்கே ஜேன்ஸ்வில்ங்கிற ஊர் பக்கத்துல 2011 அக்டோபர்ல ஒருத்தர், தான் வளர்த்த புலி, சிங்கம், கரடின்னு கிட்டத்தட்ட 50 மிருகங்களைத் திறந்துவிட்டுட்டுத் தற்கொலை பண்ணிக்கிட்டார். இருட்டுற நேரம். மயக்க ஊசி போட்டாலும் உடனே வேலை செய்யாது. வேற வழியில்லாம போலீஸ் சுட்டுத் தள்ளியது. செத்ததில் 18 புலி, 17 சிங்கம். மாநிலத்துல கடுமையான சட்டம் அடுத்த வருஷம்தான் வந்தது. புலி, சிங்கத்தை இனி யாரும் புதுசா வீட்டில் வளர்க்கக் கூடாதுன்னு நாடு முழுக்கச் சொல்ல 2022 டிசம்பர் ஆச்சு.

'அமெரிக்காக்காரனுக்குப் பைத்தியம்'னு சிரிக்கத் தோணுதா மக்களே? நம்மூர் வாசல்ல தொங்குற பச்சைக்கிளிக் கூண்டும் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்தான் :-(

போன வாரம் அக்கா அனுப்பின போட்டோல றெக்கை வெட்டின கிளி ஒண்ணு. "பையன் ஆசைப்பட்டான்டா, பாசமாத்தான் வளர்க்கிறோம்"ங்கிறா. இந்த ஊர்க்காரரும் அப்படித்தான் சொல்லியிருப்பார்.

"சும்மா திறந்து விட்டுடாதேக்கா, பறக்க முடியாம பூனை வாயில போயிடும். வனத்துறைகிட்டே ஒப்படைச்சிடு"ன்னு எழுதினேன். இன்னும் பதில் வரலை.