அறுந்த வலையும் காந்தி சிலையும்

சித்தப்பாவின் வலையை அறுத்தது யாரென்று எங்கள் ஒழுங்கைக்கே தெரியும். பக்கத்து வீட்டுப் பெடியன்தான். பொலிசில் முறைப்பாடு கொடுத்தோம். ஆளை உள்ளுக்குப் போடுவார்கள் என்று பார்த்தால், "இது மத்தியஸ்த சபைக்குப் போற கேஸ்" என்று அனுப்பிவிட்டார்கள். எங்கள் எல்லாருக்கும் கோவம். அதென்ன, வலையை வெட்டினவனோட கதிரை போட்டுக் கதைக்கிறதோ?

பிறகுதான் சட்டத்தை எடுத்துப் பார்த்தோம். 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்க மத்தியஸ்த சபைகள் சட்டம். சிறு காயம், சொத்துச் சேதம், அத்துமீறி நுழைதல் போன்ற குற்றங்கள் நீதிமன்றம் போக முதல் இங்கே வரவேணும். இணக்கம் வராவிட்டால் சபை ஓர் அத்தாட்சிப் பத்திரம் தரும். அதோடு வழக்குக்குப் போகலாம். சட்டத்தரணிகளுக்கு இடமில்லை. மத்தியஸ்தர்கள் மூன்று பேர். ஒவ்வொரு தரப்பும் ஒருவரைத் தெரிவு செய்ய, அந்த இருவரும் சேர்ந்து தலைவரைத் தெரிவு செய்வார்கள்.

ஒரு சனிக்கிழமை, பள்ளிக்கூட வகுப்பறையில் இருந்தோம். "உங்களுக்கு என்ன வேணும்?" என்று தலைவர் கேட்டார். சித்தப்பா காசுக்கணக்கைச் சொல்லுவார் என்று நினைத்தோம். அவர் பெடியனைப் பார்த்து, "ஏன்ரா வெட்டினனி?" என்றார்.

"வாடியில எல்லாருக்கும் முன்னால என்னைக் கள்ளன் எண்டனீங்கள். மண்ணெண்ணெய்க் கானை நான் எடுக்கேல்ல."

சித்தப்பாவுக்குப் பேச்சு வரவில்லை. கான் பிறகு வேறோர் இடத்தில் கிடைத்தது அவருக்குத் தெரியும். எங்களுக்குத்தான் அவர் சொல்லவில்லை.

வலைக்காசை ஆறு மாதத்தில் தவணையாகத் தருவதாகப் பெடியன் ஒத்துக்கொண்டான். சித்தப்பா அதே வாடியில், அதே ஆக்களுக்கு முன்னால், தான் சொன்னது பிழை என்றார். இப்பவும் இரண்டு வீடும் பெரிசாக் கொண்டாடுவதில்லை. ஆனால் தவணைக்காசு ஒழுங்காக வந்தது.

இதை 'மறுசீரமைப்பு நீதி' என்கிறார்கள். 1974இல் கனடாவின் எல்மைரா என்ற ஊரில் 22 இடங்களைச் சேதப்படுத்திய இரண்டு இளைஞர்களை, பாதிக்கப்பட்டவர்களின் வாசல்களுக்கே கூட்டிப்போய்ப் பேச வைத்ததிலிருந்து இந்தக் காலத்து வடிவம் தொடங்கியதாகச் சொல்வதுண்டு. 'என்ன தண்டனை' என்பதற்கு முதல், 'யாருக்கு நோகுது, அதை யார் சரிசெய்ய வேணும்' என்று இது கேட்கிறது.

நல்ல கேள்விதான். ஆனால் எங்கள் ஊரில் அதைக் கேட்டால், கால் தானாகக் கடற்கரைக் காந்தி சிலையடிக்குப் போகிறது. 2006 ஜனவரி 2ஆம் திகதி அங்கே ஐந்து மாணவர்கள் கொல்லப்பட்டார்கள். அப்போது நாங்கள் சின்னப்பிள்ளைகள். இப்போது எங்களுக்கு அவர்களுடைய வயசு. 2019 ஜூலையில் திருகோணமலை நீதவான் நீதிமன்றம், போதிய சாட்சியம் இல்லையென்று, குற்றஞ்சாட்டப்பட்ட 13 பேரையும் விடுவித்தது. சாட்சி சொல்லக்கூடியவர்களில் சிலர் அதற்கு முதலே நாட்டைவிட்டுப் போயிருந்தார்கள்.

கொலை மத்தியஸ்த சபைக்குப் போகிற விசயமல்ல, போகவும் கூடாது. ஆனால் "பழசை மறவுங்கோ, நல்லிணக்கம் முக்கியம்" என்று அந்தக் குடும்பங்களுக்குச் சொல்பவர்களுக்கு, அந்த வகுப்பறையில் நாங்கள் கண்டதைச் சொல்ல வேணும். அங்கே எதிர்க்கதிரையில் ஒருவன் இருந்தான். "நான்தான் வெட்டினன்" என்றான். சித்தப்பாவின் 'ஏன்'க்குப் பதில் சொன்னான். இணக்கம் அதுக்குப் பிறகுதான் வந்தது.

காந்தி சிலையடியில் இன்னும் ஒருவரும் "நான்தான்" என்று சொல்லவில்லை. அதுக்கு முதல் மன்னிக்கச் சொல்லிக் கேட்க எங்களுக்கு வாய் வராது.